செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்கு வயரிங்: விலை பேசுமுன் சோதனைக்குப் பணம் கொடுங்கள்

பள்ளத்தூரில் இருக்கும் உங்கள் பூர்வீக வீட்டுக்கு வயரிங் மாற்ற வேண்டும் என்றும், தை மாதம் மகளுடைய கல்யாணம் அங்கேதான் என்றும், வீடு மூன்று பங்காளிகளுக்குப் பொது என்பதால் மூன்று மீட்டர்கள் இருக்கின்றன என்றும், இப்போது அங்கே உங்கள் தாயார் மட்டும் துணைக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வந்து பார்த்த இருவரில் ஒருவர் பாயிண்டுக்கு (ஒரு விளக்கு, விசிறி அல்லது பிளக் வரும் இடத்துக்கு) இவ்வளவு என்று பெருக்கி, சுவரில் காடி வெட்டிப் பைப் பதித்து வீடு முழுவதையும் புதிதாக்கித் தருகிறேன் என்கிறார். மற்றவர் சுவிட்ச் போர்டுகளை மட்டும் மாற்றினால் போதும் என்று அதில் பத்தில் ஒரு பங்கு விலை சொல்கிறார். யாரை நம்புவது, நியாயமான செலவு என்ன, அதைப் பங்காளிகளுக்குள் எப்படிப் பிரிப்பது என்பவை உங்கள் கேள்விகள்.

காரைக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாக மின் ஒப்பந்தப் பணியில் மேற்பார்வையாளராக இருந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதானால், இப்போதைக்கு இருவரிடமும் வேலையை ஒப்படைக்க வேண்டாம். இருவருமே வீட்டின் வயரைச் சோதிக்காமல் விலை சொல்லியிருக்கிறார்கள். முதலில் சோதனைக்கு மட்டும் தனியாகக் கூலி பேசி ஒருவரை அழையுங்கள். இரண்டு ஆள், இரண்டு நாள், கருவி வாடகை எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரம் ரூபாய் ஆனாலும், அந்தப் பணம் பின்னால் லட்சக் கணக்கில் நீங்கள் எடுக்கப்போகும் முடிவைச் சரியாக்கும். சோதிப்பவருக்கே வேலையும் கிடைக்கும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால், எல்லாமே கெட்டுப்போயிற்று என்ற முடிவுதான் பெரும்பாலும் வரும்.

நம் பக்கத்து வீடுகளின் வயரிங் ஒரே காலத்தில் செய்தது அன்று. முகப்பிலும் (வாசல் பக்கக் கூடம்) வளவிலும் (நடுவில் திறந்த முற்றம்) தேக்குப் பட்டையின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய, ரப்பர் காப்பிட்டுப் பருத்தி நூல் பின்னிய பழைய வயர் இன்னும் இருக்கும். பின்னாளில் அலுமினிய வயர் மலிவாகக் கிடைத்த காலத்தில் இரண்டாங்கட்டுக்கு (வளவுக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்கு) அதை இழுத்திருப்பார்கள். அதற்கும் பிறகு யாரோ ஒரு பங்காளி தம் அறைக்கு ஏ.சி. வைத்தபோது செம்பு வயர் ஒன்று தனியாக வந்திருக்கும். இந்த மூன்றும் எங்கெங்கே ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் உங்கள் வீட்டின் உண்மையான நிலவரம். அலுமினியமும் செம்பும் நேராகச் சேர்ந்த இடத்தில் ஈரம் பட்டால் மின்வேதியியல் அரிப்பு தொடங்கும். அலுமினியம் திருகுக்கு அடியில் மெல்ல நசுங்கிப் பிடிப்பும் தளரும். தளர்ந்த இணைப்பு சூடேறும். சூடேறிய இணைப்புக்குப் பக்கத்தில் இருப்பதோ நூறாண்டு காய்ந்த பர்மாத் தேக்கு. பியூஸோ எம்.சி.பி.யோ (ஆம்பியர் கூடினால் தானே இறங்கித் துண்டிக்கும் சுவிட்ச்) இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் அங்கே ஓடும் ஆம்பியர் கூடவில்லை. சூடு மட்டுமே கூடியிருக்கிறது.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், வளவுப் பத்தியின் (முற்றத்தைச் சுற்றிய தூண் தாழ்வாரம்) விளக்கு ஒன்று மினுக்குகிறது என்று அழைத்தார்கள். அந்தப் பங்கின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, தூணுக்கு மேலே இருந்த மர வட்டையைக் கழற்றினேன். உள்ளே வயரின் ரப்பர், விரல் பட்டதும் கருப்பட்டித் தூள்போல உதிர்ந்து என் கைமேல் விழுந்தது. பருத்தி உறை மட்டும் கூடாக நின்றது. மெயின் இறக்கியாயிற்று என்ற துணிச்சலில் நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியை) பிரித்தேன். பிரித்த நொடியில் கை உதறியது. ஏணியிலிருந்து விழாமல் தப்பியது பக்கத்தில் நின்ற உதவியாளர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டதால்தான். பிறகு தேடிப் பார்த்தபோது, எதிர்ப் பத்தியில் இருந்த இன்னொரு பங்காளியின் இரண்டு விளக்குகளும் ஒரு மின்விசிறியும் தங்கள் நியூட்ரலை இந்தப் பங்கின் வயரிலிருந்து எடுத்திருந்தன. அவர்கள் மெயின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த விசிறியின் வழியாக வந்த மின்சாரம், நான் பிரித்துவைத்த நியூட்ரல் முனையில் வழி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது. தவறு என்னுடையது, டெஸ்டரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால், மெயினை அணைத்தபின் வயர் செத்துவிட்டது என்று நம்ப முடியாத வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு என்பதை அன்றிலிருந்து யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை.

உங்கள் வீட்டிலும் மூன்று மீட்டர்கள் என்பதால் இதுதான் முதல் சோதனை. ஒரு பங்கின் மெயினை மட்டும் இறக்கிவிட்டு, வீடு முழுவதும் நடந்து, எந்த விளக்கு அணைந்தது, எது அணையவில்லை, எந்தப் போர்டில் பாதி உயிரோடு இருக்கிறது என்று ஒரு தாளில் வீட்டின் வரைபடம் போட்டுக் குறிக்க வேண்டும். அதேபோல மற்ற இரண்டுக்கும். மூன்று இணைப்புகளும் கம்பத்தில் வெவ்வேறு பேஸிலிருந்து (மின்சாரம் வரும் உயிர்க் கம்பியிலிருந்து) வந்திருந்தால், பொதுவான வளவில் ஒரே போர்டுக்குள் இரண்டு பேஸ்கள் சந்திக்கக்கூடும். அவற்றுக்கு இடையே இருப்பது 230 வோல்ட் அன்று, ஏறக்குறைய 400 வோல்ட். இந்தக் கலப்பைப் பிரிக்காமல் எத்தனை புதுப் போர்டு மாட்டினாலும் பயன் இல்லை. இரண்டாவது எலக்ட்ரீஷியன் சொன்ன மலிவு விலையை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

மெயின் போர்டைத் திறக்கும்போதே நியூட்ரலில் பீங்கான் பியூஸ் கட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய இணைப்புகளில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு கட்டைகள் வைப்பது வழக்கமாக இருந்தது. நியூட்ரல் கட்டை எரிந்துபோனால் விளக்கு எரியாது, விசிறி சுற்றாது, வீடு இருட்டாகும். ஆனால் எல்லா வயரிலும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். நியூட்ரல் கட்டை இருந்தால் அதை எடுத்துவிட்டு, பேஸும் நியூட்ரலும் ஒன்றாக இறங்கும் இரட்டைத் துருவ ஐசொலேட்டரை வைக்க வேண்டும்.

அடுத்தது மெக்கர் (வயரின் காப்பை அளக்கும் கருவி) சோதனை. விளக்கு, விசிறி, பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரால் பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காப்பு எவ்வளவு என்று ஒவ்வொரு சர்க்யூட்டாக அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் அந்த சர்க்யூட்டை மாற்ற வேண்டும், நல்ல பி.வி.சி. வயராக இருந்தால் பல பத்து மெகா ஓம் காட்டும். இந்த அளவை இப்போது, ஆவணியில், காய்ந்த சுவரில் எடுத்தால் பாதி உண்மைதான் தெரியும். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து, வளவின் தாழ்வாரம் நனைந்து, சுவர் ஈரம் இழுத்தபின் மறுபடி ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் ஐந்து மெகா ஓம் காட்டிய வயர் கார்த்திகையில் கால் மெகா ஓமுக்கு இறங்கியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கல்யாணம் தையில் என்பதால் அதற்குப் போதிய அவகாசமும் உங்களுக்கு இருக்கிறது. ரப்பர் வயர் எங்கே கண்ணில் பட்டாலும் சோதனைக்குக் காத்திராமல் மாற்றும் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஆடாமல் அசையாமல் இருக்கும்வரை அது நல்ல அளவைக் காட்டும், ஒருவர் கழற்றி மாட்டினால் உதிர்ந்துவிடும்.

சோதனை முடிந்ததும் ஒரு வேலையை மட்டும் உடனே செய்துவிடுங்கள், கல்யாணத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆச்சி (உங்கள் தாயார்) புழங்கும் அறை, அடுப்படி, குளியலறை இந்த மூன்றுக்கும் வரும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். அது ஏன் நம் ஊருக்கு மற்ற ஊர்களைவிட அவசியம் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். நம் மண் செம்புறாங்கல் மண். கோடையில் காய்ந்தால் மின்சாரத்தை எளிதில் வாங்காது. உங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். பராமரிக்காத குழிக்கு அது அரிதான அளவு அன்று. கிரைண்டரின் உடம்பில் பேஸ் பட்டுவிட்டால், 230-ஐ 20-ஆல் வகுக்க 11.5 ஆம்பியர்தான் எர்த் வழியே ஓடும். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு 11.5 ஆம்பியர் என்பது சாதாரண லோடு; அது இறங்காது. கிரைண்டரின் உடம்பு உயிரோடு நிற்கும், ஈரக் கையோடு ஒருவர் அதைத் தொடுவார். ஆர்.சி.சி.பி. இருந்தால் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் 0.03 ஆம்பியர் வேறுபட்டதுமே துண்டித்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் உயிர் தப்பும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒருவர் பேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு அது ஒரு பல்பு போலத்தான் தெரியும். ஓவர்லோடு, ஷார்ட் இரண்டையும் அது கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும்.

நியூட்ரல் கலப்பைப் பிரிக்காத வீட்டில் ஆர்.சி.சி.பி. நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏனெனில் போனது ஒரு மீட்டர் வழியாக, திரும்பியது இன்னொரு மீட்டர் வழியாக. அப்போது வேலை செய்தவர், இந்தக் கம்பெனி சரக்கு சரியில்லை என்று சொல்லிக் கழற்றிவிட்டு நேரடியாக வயரைச் சேர்த்துவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கருவி நோயைச் சரியாகத்தான் சொன்னது; நோயை விட்டுவிட்டு மருத்துவரைத் துரத்தியதுதான் நடந்தது. இன்வெர்ட்டர் வைத்த வீடுகளிலும் இதே தொல்லை வரும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலைத் தனியாகக் கொண்டுவராமல் வீட்டு நியூட்ரலோடு எங்காவது முடிச்சுப் போட்டிருப்பார்கள்.

எர்த் குழியை எங்கே தோண்டுவது என்று கேட்டால், நம் வீடுகளில் அதற்கு இயல்பாகவே ஓர் இடம் உண்டு. வளவில் விழும் மழைநீர் வெளியேறும் வடிகாலை ஒட்டியோ, கிணற்றடித் தண்ணீர் போகும் பக்கமோ, கொல்லைத் தோட்டத்திலோ இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாறி மாறிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்து மூடுங்கள். ஆச்சி மட்டும் இருக்கும் வீட்டில் கோடையில் தவறாமல் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது என்பதால் ஈரம் தங்கும் இடம் பார்த்து இறக்குவது முக்கியம். குழியின் தடையைச் சித்திரை, வைகாசியில் அளப்பதே நேர்மையான அளவு.

இனி, முதலாமவர் சொன்ன சுவர் கொத்தும் யோசனை. தயவுசெய்து அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பை அரைத்து, முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து மெருகேற்றிய அந்தச் சுவரில் ஒருமுறை காடி வெட்டிவிட்டால், சிமெண்ட் வைத்து மூடிய கோடு ஆயுள் முழுவதும் தெரியும். கோடு தெரிவது மட்டும் இல்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சிமெண்ட் விடாது. இரண்டும் சேரும் விளிம்பில் பூச்சு பெயரும், அந்தக் கோட்டுக்குள்தான் உங்கள் பைப்பும் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பெயர்ப்பதும் அப்படியே. பெயர்த்த கல் உடையும், அதே வண்ணத்தில் மறுபடி கிடைப்பது அரிது.

கொத்தாமல் எப்படிக் கொண்டுபோவது என்றால், வீட்டைக் கட்டிய ஆசாரிமார் வழி விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். உத்தரமும் கைமரமும் சுவரில் அமரும் மூலை, நிலைக்கு மேலே ஓடும் மரச்சட்டத்தின் மேல்விளிம்பு, மாடியின் பலகைத் தரைக்கு அடியில் இருக்கும் இடைவெளி, பழைய தேக்குப் பட்டை ஓடிய அதே தடம் ஆகியவை உங்கள் பாதைகள். கண்ணில் படாத மேல்தடங்களில் கெட்டியான பி.வி.சி. பைப் ஓட்டுங்கள், எலியும் அணிலும் கடிக்கும் இடங்களில் மெல்லிய வளையும் குழாய் நிற்காது. கண்ணில் படும் இடங்களில், கரையான் தின்னாத பழைய தேக்குப் பட்டையைக் கழற்றி, தட்டிப் பார்த்து, எண்ணெய் பூசி, அதே பட்டையில் இரட்டைக் காப்பிட்ட புது செம்பு வயரைக் கிளிப் அடித்து ஓட்டலாம். ஓட்டுக் கூரைக்கு நேர் கீழே போகும் வயர் கோடையில் வெந்துபோகும். சாதாரண பி.வி.சி. வயர் 70 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும் என்பதால், அங்கே ஓர் அளவு பெரிய வயரைப் போட வேண்டும். பல வயர்களைக் கட்டாகக் கட்டவும் கூடாது.

இப்போது செலவுக்கு வருவோம். பாயிண்ட் கணக்கு என்பது பத்தடி உயரக் கூரை உள்ள புது வீட்டுக்காக ஏற்பட்ட கணக்கு. அங்கே நாலரை அடியில் இருக்கும் சுவிட்சிலிருந்து கூரைக்கு ஐந்தரை அடி, கூரையில் ஓர் ஆறடி, ஆக பதினொன்றரை அடி. பேஸும் நியூட்ரலும் சேர்த்து இருபத்து மூன்று அடி, ஏழு மீட்டர். 90 மீட்டர் காயில் (வயர்ச் சுருள்) ஒன்றில் பன்னிரண்டு விளக்குகளுக்குப் போட்டுவிடலாம். உங்கள் முகப்பிலோ கூரை பதினைந்து அடி. ஏறுவதற்கே பத்தரை அடி, குறுக்கே பத்தடி, இருமடங்காக்கினால் நாற்பத்தோரு அடி, பன்னிரண்டரை மீட்டர். அதே காயிலில் ஏழு விளக்குகள்தான் வரும். சாரம் கட்ட வேண்டும், மரத்தில் திருகு போட வேண்டும், ஓர் ஆள் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். பாயிண்ட் கணக்கில் ஒப்புக்கொண்டவருக்கு இது பாதியிலேயே நட்டமாகும்; நட்டமானவர் வயரின் அளவிலோ, எர்த் வயரை விட்டுவிடுவதிலோ அதை ஈடு செய்வார். ஆகவே உங்களுடையது போன்ற வீட்டுக்கு, சாமானை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலியை நாள் கணக்கிலோ, வீட்டின் ஒவ்வொரு கட்டுக்கும் இவ்வளவு என்றோ பேசுவதே இருவருக்கும் நியாயம். அனுபவமுள்ள வயர்மேனுக்கு நம் பக்கம் நாட்கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கூடக்குறைய இருக்கும். உதவியாளருக்கு அதைவிடக் குறைவு.

சாமானில் பெரும் பணம் வயருக்குத்தான் போகும். செம்பு விலை அடிக்கடி மாறுவதால், வயர் விலைப் பட்டியல் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்பது பொதுவாகப் போதுமானது. ஒரு விளக்கு சர்க்யூட்டில் பத்துப் பாயிண்ட்டுக்கு மேல் வேண்டாம், ஒரு பவர் சர்க்யூட்டில் இரண்டு பவர் பாயிண்ட்டுக்கு மேல் வேண்டாம் என்பது வயர்மேன்கள் வழிவழியாகக் கடைப்பிடிக்கும் விதி. 1.5 சதுர மி.மீ. 90 மீட்டர் காயில் நல்ல கம்பெனிச் சரக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். இரண்டரை அதிலிருந்து கணிசமாகக் கூடும். காயிலின் மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கும் வயரைத் தராசில் வைத்துப் பாருங்கள். செம்பு குறைந்திருப்பதை எடையே சொல்லும். இருமுனை ஆர்.சி.சி.பி. ஒன்று ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வயர், சுவிட்ச், எம்.சி.பி. எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதால், இரண்டு பேர் சொல்லும் விலையை ஒப்பிடும்போது வரியோடு சொன்னாரா, வரியில்லாமல் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் தாராளமாகச் செலவழியுங்கள். உங்கள் வீடு இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிறது. மீட்டரிலிருந்து கொல்லைக் கிணற்று மோட்டாருக்கு இருநூறு அடி, அதாவது 60 மீட்டர். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் எடுக்கும், கிளம்பும்போது 40 ஆம்பியர் வரை இழுக்கும். 2.5 சதுர மி.மீ. வயரில் போகவும் வரவும் 120 மீட்டருக்குத் தடை ஏறக்குறைய ஓர் ஓம். கிளம்பும் நேரத்தில் நாற்பது வோல்ட் அளவுக்கு வயரிலேயே போய்விடும். மாலையில் ஊர் வோல்டேஜ் 200-க்கு இறங்கியிருந்தால் மோட்டாருக்குக் கிடைப்பது 160. அது உறுமிக்கொண்டே நின்று சுருள் கருகும். 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பதினாறு வோல்ட்டுக்கு அடங்கும். ஒருமுறை மோட்டாரின் கருகிய சுருளை மறுபடி சுற்றும் செலவை வயருக்குக் கொடுத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

லோடு பற்றியும் இப்போதே யோசித்துவிடுங்கள். எல்.இ.டி. விளக்கும் 30 வாட் அளவு மின்விசிறியும் வந்தபின் விளக்கு, விசிறிச் செலவு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு ஏ.சி., ஒரு கீசர், ஒரு மோட்டார் சேர்ந்தால் ஆறு கிலோவாட்டைக் கடந்துவிடும். நான்கு கிலோவாட்டுக்கு மேல் என்றால் ஒருமுனை இணைப்பு போதாது, மும்முனைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணைப்பு இன்னும் காலமான உங்கள் ஐயா (தாத்தா) பெயரிலோ அப்பச்சி (தகப்பனார்) பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம், அதற்கு வாரிசுச் சான்றிதழ், பங்காளிகளின் சம்மதம் என்று நாள் எடுக்கும். வயரிங் வேலையைவிட இதற்குத்தான் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

கல்யாணத்துக்கு வரும் சீரியல் விளக்கு, சமையல்காரரின் கிரைண்டர், ஒலிபெருக்கி இவற்றை வீட்டு வயரிங்கில் சேர்க்கவே விடாதீர்கள். ஆண்டில் பதினோரு மாதம் பெரும்பாலான அறைகள் பூட்டிக்கிடந்த வீட்டில் மூன்று நாளுக்கு முழு லோடு ஏற்றும்போதுதான் பழைய இணைப்புகள் கருகுகின்றன. ஜெனரேட்டரிலிருந்து தனி போர்டு, அதற்குத் தனி எர்த், தனி ஆர்.சி.சி.பி. என்று பந்தல்காரரிடம் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கும் ஜெனரேட்டர் வேண்டும் என்றால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது) இல்லாமல் கொடுக்கக் கூடாது. இல்லையென்றால் உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் பின்வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறி, மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் நிற்கும் ஊழியரைக் கொன்றுவிடும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு, நீங்கள் கேட்கும் கேள்வியைவிட அவர் கேட்கும் கேள்வியைக் கவனியுங்கள். மூன்று மீட்டரும் யார் யாருடையவை, எர்த் குழி எங்கே, ஓடு எப்போது மாற்றினீர்கள், மாடி ஏற வழி உண்டா என்று முதலில் கேட்பவர் வேலை தெரிந்தவர். வாசலில் நின்று எத்தனை பாயிண்ட் என்று எண்ணுபவர் புது வீட்டுக்கு நல்லவராக இருக்கலாம். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் வயர்மேனுக்கு பி சான்றிதழும், மேற்பார்வையாளருக்கு சி சான்றிதழும் கொடுக்கிறது. ஒப்பந்தக்காரருக்குத் தனி உரிமம் உண்டு. அதைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. முறையாகப் பெற்றவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். மும்முனை இணைப்புக்கு மின்வாரியத்தில் கொடுக்க வேண்டிய நிறைவுச் சான்றிலும் உரிமம் உள்ளவர்தான் கையெழுத்திட முடியும். சான்றிதழ் இல்லாத கைத்தேர்ந்தவர்கள் நம் ஊரில் உண்டு, அவர்களுடைய கையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஒரு மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்யட்டும்.

பேச்சை எழுத்தில் வையுங்கள். எந்தக் கம்பெனி வயர், எந்த அளவு, எத்தனை காயில், எந்தக் கட்டுக்கு எத்தனை நாள், சுவரையும் தரையையும் கொத்துவதில்லை என்பது, கழற்றும் பழைய சாமான் வீட்டுக்காரருக்கே சேரும் என்பது இவை கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சிறிய விஷயம் அன்று. பழைய செம்புக்கு எடை விலை உண்டு. பித்தளை மூடி போட்ட உருண்டைச் சுவிட்சும் பீங்கான் வட்டையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. விற்காவிட்டாலும், முகப்பில் இருக்கும் நான்கைந்து சுவிட்சுகளை மின்சாரம் துண்டித்து அதே இடத்தில் அழகுக்கு விட்டுவைத்து, பக்கத்துத் தூணின் உள்பக்கம் புதுச் சுவிட்சு வைக்கலாம். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு கட்டும் முடிய முடியக் கொடுங்கள்.

செலவைப் பங்காளிகளுக்குள் பிரிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோயில் வரிக்குக் குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று கணக்கு எழுதுவதுபோல மூன்றாக வகுத்துவிட்டால் சண்டை வரும், ஏனென்றால் ஒருவர் அறையில் இரண்டு ஏ.சி., இன்னொருவர் அறை பூட்டியே கிடக்கிறது. முகப்பு, வளவு, அடுப்படி, மோட்டார், எர்த் குழி இவற்றை மட்டும் பொதுவில் வைத்து மூன்றாகப் பிரியுங்கள். பொது விளக்குகளுக்கென்று ஒரு மீட்டரை ஒதுக்கி, அதன் பில்லையும் பொதுவாக்குங்கள். அவரவர் அறைக்குப் போகும் லைன் அவரவர் மீட்டரிலிருந்து, அவரவர் செலவில். நியூட்ரல் கலப்பும் இதனாலேயே பிறகு வராது.

கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது என்று சொன்ன நாளில், ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் உள்ள டி பொத்தானை உங்கள் முன்னால் அழுத்தி இறங்குகிறதா என்று காட்டட்டும். மூன்று மெயின்களையும் ஒவ்வொன்றாக இறக்கி, முன்பு குறித்த அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு நடக்கட்டும். எந்த எம்.சி.பி. எந்த இடத்துக்கு என்று ஆச்சி கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்குத் தமிழில் பெரிதாக எழுதி, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டட்டும். அதற்குக் கீழே மெக்கர் அளவுகளையும் எர்த் தடையையும் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டபின், மீதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.